ரவிக்குச் சொன்ன பதில்

மகன்,

வெள்ளிக்கிழமை நீ கொழும்புக்கு விமானம் ஏறுகிறாய். அங்கிருந்து வவுனியாவுக்குப் போய், போரில் தப்பியவர்களை வைத்திருக்கும் முகாம் முகாமாக உன் ரவி மாமாவையும் மாமியையும் அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகளையும் தேடப் போகிறாய். நேற்று நீ வீட்டுக்கு வந்து, அம்மா எடுத்து வைத்த மருந்துகளையும் உடுப்புகளையும் சூட்கேசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா உன்னிடம் ஒன்றைச் சொன்னாள். "அவனைப் போகச் சொன்னது நான்தான். என்ரை வாயாலைதான் சொன்னனான்" என்றாள். நான் மேசையடியில் இருந்து உன் கடவுச்சீட்டின் பிரதிகளை உறைகளில் போட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் உறையை ஒட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன். அம்மா சொன்னது உண்மையில்லை. சொன்னது நான். எப்படிச் சொன்னேன் என்பதை நீ போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே அவர்களில் யாரை முதலில் கண்டாலும், அவர்கள் உன்னிடம் பேசப் போவது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். முயன்று பார்த்தேன். நீ காருக்குப் போகும்போது கூடவே வந்து, கண்ணாடியில் இல்லாத பனியைக் கையால் துடைத்துவிட்டு, "கவனமாப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். என்னை உனக்குத் தெரியும். ஒரு குளிர்கால மேலங்கி வாங்குவதற்கு நான் ஒரே கடைக்கு எத்தனை தரம் போய்வந்தேன் என்பதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பீர்கள். எந்த விஷயத்தையும் இரண்டு பக்கமும் பார்த்து, மூன்றாவது பக்கம் இருக்கிறதா என்று தேடி, கடைசியில் யாராவது முடிவு எடுத்த பிறகு அதை ஒழுங்காகச் செய்து கொடுப்பவன் நான். தொழிலிலும் அப்படித்தான். ஊரில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் கீறினேன். இங்கே தொழிற்சாலையில் மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து பார்த்தேன். நானாக ஒன்றைத் தொடங்கிய ஞாபகம் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் இருந்த காலத்தில் உனக்குக் குடல்வால் வீங்கி, உடனே வெட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நான் அவரிடம் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என் கையில் இருந்த பேனையைப் பறித்துக் கையெழுத்துப் போட்டாள். "இவர் கேட்டு முடியிறதுக்குள்ளை பிள்ளை வளந்து போயிடுவான்" என்று பக்கத்தில் நின்ற தாதியிடம் தமிழிலேயே சொன்னாள். தாதிக்கு விளங்காவிட்டாலும் சிரித்தாள்.

இந்த வீட்டில் முடிவு எடுப்பது அம்மாதான். அவளுடைய தாய்வீட்டிலும் அப்படித்தான். தகப்பன் இளவயதில் இறந்துவிட்டதால் ரவிக்கு அக்காதான் எல்லாம். எந்தப் பாடம் படிப்பது, எந்தப் பெண்ணைக் கட்டுவது, முதல் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று எல்லாவற்றையும் அவன் அக்காவிடம் கேட்பான். பொறுப்பைத் தள்ளிவிட அவன் அப்படிக் கேட்டதில்லை. அக்கா சொன்னால் பிழைக்காது என்று உண்மையாகவே நம்பினான். நாங்கள் இங்கே வந்த பிறகு ஒரு தடவை அவனுக்கும் வெளியே வருவதற்கு வழி கிடைத்தது. பார்க்டேல் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, வரட்டோ, இருக்கட்டோ என்று கேட்டான். "நீ இரு. அம்மாவைப் பாக்க ஒரு ஆள் வேணும்" என்று உன் அம்மா சொன்னாள். அப்போது அது சரியான பதில்தான். உன் ஆச்சியை அவன் கடைசிவரை பார்த்தான். பிறகு கலியாணம் செய்து கிளிநொச்சிப் பக்கம் போனான், அங்கேயே நிலைத்தான். இந்தக் குளிர்காலம் முழுவதும், சண்டை நெருங்க நெருங்க, அங்கே இருந்து கிழக்காக, கிழக்காக, கடற்கரை வரைக்கும் தள்ளப்பட்டுக்கொண்டு போனான்.

குளிர்காலத்தை நான் உனக்கு விபரிக்கத் தேவையில்லை. நீயும் வேலை முடிந்து போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுன் தெருவில், காது விறைக்க, சனத்தோடு நின்றவன். ஆனால் பகலில் எங்கள் வீட்டில் நடந்ததை நீ முழுவதும் பார்த்ததில்லை. அம்மா இந்த மில்லிக்கன் வீட்டின் வரவேற்பறையைவிட்டு நகரவில்லை. ரெலிபோன் பக்கத்தில் சோபாவிலேயே படுத்தாள். வன்னியில் யாரோ ஒருவரிடம் சற்றலைட் போன் இருந்தது. சனம் வரிசையில் நின்று அதில் கொஞ்ச நேரம் கதைக்கலாம். ரவி அப்படி எடுப்பான். எப்போது என்று சொல்ல முடியாது. "இருக்கிறம் அக்கா" என்பான். பின்னால் சத்தம் கேட்கும். துண்டித்துவிடும். அந்த ஒரு சொல்லுக்காக அவள் குளிக்கப் போகும்போதும் என்னை ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுப் போவாள்.

அப்போதுதான் நீ எங்கள் இரண்டு பேரையும் அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தாய். வடக்கே தேசியப் பூங்காவுக்கு, வழிகாட்டியோடு, பனியில் விலங்குகளைப் பார்க்கும் பயணம். "ப்ளீஸ் அப்பா, ஜஸ்ற் ரெண்டு நாள். அம்மாவை அந்த சோபாவிலை இருந்து எழுப்புங்கோ" என்றாய். நீ செய்தது சரி என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ரெலிபோன் அடிச்சால் ஆர் எடுக்கிறது?" என்றாள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது நான். வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்பு என் செல்போனுக்கு வரும்படி மாற்றி வைத்தேன். அடுத்த வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லிச் சரி பார்த்தேன். "நீங்கள் வைச்ச அலாரமே ஒழுங்கா அடிக்கிறேல்லை" என்றாள் அம்மா. பிறகு உனக்காகச் சரி என்றாள். எல்லாவற்றையும் சரிபார்த்த நான், பூங்காவுக்குள் செல்போன் வேலை செய்யுமா என்பதை யாரிடமும் கேட்கவில்லை. ரொறன்ரோவிலேயே கிடந்து பழகியவனுக்கு, சிக்னல் இல்லாத இடம் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

வழிகாட்டியின் பெயர் ஹெலன். நடுவயது, மெதுவாகப் பேசும் பெண். எங்களை ஏற்றிப்போன வான் வண்டியில் எங்களோடு, ஓய்வுபெற்ற இரண்டு சகோதரிகளும், பெரிய கமரா வைத்திருந்த ஒரு மனிதரும் வந்தார்கள். "மிருகம் பாக்க ஆரும் குளிருக்குள்ளை போவினமோ?" என்று அம்மா என் காதுக்குள் சொன்னாள். "எங்கடை ஊரிலை அதுகள்தானே எங்களைப் பாக்க வரும்." அவள் பகிடி விட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூங்கா வாசலைத் தாண்டியதும் செல்போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அணைத்துத் திரும்பப் போட்டேன், அப்போதும் இல்லை. அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வோமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் என் பக்கம் திரும்பி, என் கையில் இருந்ததையும் என் முகத்தையும் பார்த்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை. "வானைத் திருப்பச் சொல்லுங்கோ" என்றாள். நான் ஹெலனிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே திருப்ப முடியாது என்றும், ஆனால் மத்தியானம் நாங்கள் ஏறப்போகும் பாறைக்குன்றில் சிக்னல் இருக்கும், தானே அங்கிருந்துதான் அலுவலகத்துக்குப் பேசுவது என்றும் சொன்னார். அம்மா கையுறைக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரித்தபடி இருந்தாள்.

காலில் அகன்ற பனிக்காலணிகளைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தோம். வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை. சீடர் மரங்கள் நெருக்கமாக நின்ற ஓர் இடத்தில், பனி முழுவதும் மிதிபட்டு, ஒடுங்கிய பாதைகளாகக் கிடந்தது. மான்கள் குளிர்காலத்தில் இப்படி ஒரே இடத்தில் கூடிவிடும் என்று ஹெலன் சொன்னார். தாங்கள் மிதித்த பாதைகளில் மட்டும் அவை ஓடலாம், வெளியே போனால் ஆழப் பனியில் புதைந்துவிடும், ஓநாய் பனிக்கு மேலால் வந்து பிடித்துவிடும். உள்ளேயே இருந்தால் எட்டிய மட்டும் இலையெல்லாம் தின்று முடிந்து பட்டினி. மரங்களில் ஒரு மட்டத்துக்குக் கீழே இலையே இல்லை, யாரோ கயிறு பிடித்து வெட்டியதுபோல் இருந்தது. அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "எது நல்லது? இருக்கிறதா, போறதா?" என்று கேட்டாள். ஹெலன், "அது அந்தக் குளிர்காலத்தைப் பொறுத்தது. வசந்தம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஒரு மானின் தாடை எலும்பை எடுத்துக் காட்டினார். சகோதரிகளில் ஒருத்தி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அம்மா பின்னால் விலகி நின்றாள்.

குன்றில் ஏறி முடித்ததும் கீழே உறைந்த ஏரி முழுவதும் தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒன்று கிடந்தது. மூஸ் என்கிற பெரிய மானின் உடல், சுற்றிலும் அண்டங்காகங்கள். அதைக் காட்ட ஹெலன் தொலைநோக்கியை முக்காலியில் பூட்டிக்கொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. குரல் பதிவு ஒன்று இருந்தது. அம்மாவும் நானும் தலையோடு தலை வைத்துக் கேட்டோம். முதலில் அவசரமான மூச்சு. பிறகு ரவி. "அக்கா... அத்தான்... ஆரும் இல்லையோ? ஆரோ இங்கிலிசிலை கதைக்கிறான்." என் செல்போனில் அந்த ஆங்கில வரவேற்பைப் பதிந்து தந்தது நீ. மாமா உன் குரலைத்தான் கேட்டிருக்கிறான், உன்னை அடையாளம் தெரியவில்லை. "அக்கா, விடியமுன்னம் இஞ்சை கன சனம் கடலேரித் தண்ணிக்குள்ளாலை அங்காலை, ஆமிப் பக்கம், போகப்போகுதாம். போற சனத்துக்கும் சூடு விழுதாம். இருந்தால் இஞ்சையும் ஷெல் விழுது. பிள்ளையள் சாப்பிட்டு... அதை விடுங்கோ. போறதோ இருக்கிறதோ, அக்கா சொல்லட்டும். ஏலுமெண்டால் இன்னொருக்கா எடுப்பன்." பிறகு ஒரு பெரிய சத்தம், யாரோ "கெதியா, கெதியா" என்று கத்தினார்கள். பதிவு முடிந்தது.

திரும்ப எடுக்க அதில் எண் இல்லை. அங்கே அப்போது இரவு. அம்மா பாறையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நான் இஞ்சை இருந்து அசையமாட்டன்" என்றாள். நான் ஹெலனிடமும் மற்றவர்களிடமும் விளக்கினேன். சரியாக விளக்கினேனா தெரியாது. போர், தம்பி, தண்ணீர் என்று சொன்னேன். யாரும் முணுமுணுக்கவில்லை. கமராக்காரர் கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்றைத் தந்து, "குளிரில் பற்றரி செத்துவிடும், இதோடு சேர்த்து வையுங்கள்" என்றார். நான் செல்போனையும் பொட்டலத்தையும் என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். சகோதரிகள் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் இறங்கியாக வேண்டும் என்று ஹெலன் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். அம்மாவோ, கேட்காதவள்போல, பனியைப் பார்த்தபடி என்னோடு பேசினாள். "நான் அவனை இருக்கச் சொன்னன். இருந்தான். எங்கை கொண்டுவந்து விட்டிருக்கிறன் பாத்தீங்களோ. இனி என்னட்டைக் கேக்கக்கூடாது. நான் சொல்லமாட்டன்." நான் அவள் தோளில் கை வைத்தேன். "ஆரேன் சொல்லத்தானே வேணும்" என்றேன். "அப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். அவள் என் முகத்தை நம்பிக்கையோடு பார்க்கவில்லை. சும்மா சொன்னாள்.

காகங்கள் எழும்பின. ஹெலன் கையை உயர்த்தி எங்களைச் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னார். மரங்களுக்குள் இருந்து ஓநாய்கள் வந்தன. ஒன்றின் காலடியில் அடுத்தது கால் வைத்து, வரிசையாக, ஏரியின் மேல் நடந்து வந்தன. எத்தனை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அமைதிக்குள் என் அக்குளுக்குள் இருந்த செல்போன் அடித்தது. கீழே ஓநாய்களின் அவ்வளவு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து எங்கள் குன்றைப் பார்த்தன.

நான் செல்போனை அம்மாவிடம் நீட்டினேன். அவள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். வாங்கவில்லை. நான் காதில் வைத்தேன். "அக்கா?" என்றான். "அத்தான் கதைக்கிறன்" என்றேன். "அத்தான், நேரமில்லை, பின்னாலை சனம் நிக்குது. அக்கா என்ன சொல்லுறா? போறதோ, இருக்கிறதோ?" நான் எல்லாக் கேள்விகளையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கத்தால் சூடு வருகிறது, முன்னே போனவர்களின் செய்தி ஏதும் உண்டா. ஒன்றும் கேட்கவில்லை. "போ, ரவி" என்றேன். "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு." "அக்கா சொன்னவவோ?" என்று அவன் கேட்டான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம்" என்றேன். "அக்காதான் சொன்னவ."

"அப்ப சரி" என்றான். அந்தக் குரலில் இருந்த ஆறுதலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கடைக்குப் போய்வா என்று சொன்னதுபோல, அவ்வளவு இலேசாக இருந்தது. துண்டித்துவிட்டது. ஏரியில் ஓநாய்கள் இல்லை, உடலும் காகங்களும் மட்டும் இருந்தன. அம்மா எழுந்து, கயிறு கழன்றிருந்த என் பனிக்காலணியைக் குனிந்து கட்டிவிட்டு, இறங்கத் தொடங்கினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தான் சொன்னால் அவன் நம்பி இறங்கமாட்டான், தண்ணீருக்குள் நின்று தயங்குவான், தயங்கினால் அதுவே முடிவாகிவிடும் என்று பயந்தேன். அது உண்மை. அந்தச் சொல் என் பெயரில் இருக்கக்கூடாது என்றும் பயந்தேன். அதுவும் உண்மை. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உனக்கு நான் அதிகம் புத்தி சொன்னதில்லை, சொல்வதற்குத் தகுதி இருப்பதாகவும் நினைத்ததில்லை. ஆனாலும் இதை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உன்னையும் யாராவது அப்படி ஒரு கேள்வி கேட்பார்கள். தெரியாவிட்டாலும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டி வரும். உன் பெயரிலேயே சொல். பக்கத்தில் நிற்பவரின் பெயரில் சொல்லாதே. அவர் உன்மேல் அன்பாக இருந்தால், மறுக்காமல் அதைச் சுமந்துகொண்டு போய்விடுவார்.

அம்மா அதைத்தான் செய்கிறாள். வீட்டுக்கு வந்த முதல் ஆட்களிடமே, "நான்தான் போகச் சொன்னனான்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் அவளைத் தனியாகக் கேட்டேன். "நீங்கள் வாயைத் திறந்ததே பெரிய விஷயம். மிச்சத்தை என்னட்டை விடுங்கோ" என்றாள். அதற்குப் பிறகு ரவி எடுக்கவில்லை. இங்கே பனி கரைந்து, முற்றத்துப் புல்லும் வெளியே வந்து, போர் முடிந்துவிட்டது என்றும் அறிவித்துவிட்டார்கள். அவர்கள் அன்று தண்ணீரில் இறங்கினார்களா, கரையேறினார்களா, ஒன்றும் தெரியாது. முகாம்களில் பெயர் கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. அம்மா இப்போதும் சோபாவில்தான் படுக்கிறாள்.

நீ அங்கே போனதும் எவரோடும் வாய் காட்டாதே. காவலில் நிற்பவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். மாமாவின் முழுப்பெயரோடு மாமியின் பெயரையும் சேர்த்துக் கேள், ரவி என்று கேட்டால் நூறு பேர் வருவார்கள். ஒரு உறையைத் தொலைத்தால் இன்னொரு உறை இருக்கும்படி பிரதிகளை வைத்திருக்கிறேன். இவ்வளவும் எனக்கு வழக்கமான வேலை. மிச்சம்தான் நான் உன்னிடம் கேட்பது. அவர்களில் யாராவது கிடைத்து, "அக்கா சொல்லித்தான் வெளிக்கிட்டனாங்கள், அதாலைதான் தப்பினனாங்கள்" என்று சொன்னால், நீ ஓம் என்று சொல். திருத்தாதே. அந்தச் சொல் அம்மாவுடையதாகவே இருக்கட்டும், அவளுக்கு அது வேண்டும். வேறு விதமாக இருந்தால், அங்கே கேட்பவர்களிடமும், இங்கே திரும்பி வந்து எல்லோருக்கும் முன்னாலும், போகச் சொன்னது அப்பா, அம்மா வாயே திறக்கவில்லை என்று சொல். அம்மா இல்லையென்று சத்தம் போடுவாள். நான் அந்த நேரம் மறுபடியும் மௌனமாக இருந்துவிடக்கூடும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து அவளுக்குக் கேட்கும்படி வாசி.

அப்பா